சிங் காலச் சீனக் காசுகள்: கையில் எடுத்துப் பார்த்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

சதுர ஓட்டை போட்ட சீனக் காசு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு தேறும்?" என்பதுதான். பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. சிங் வம்சம் 1644 முதல் 1912 வரை ஆண்டது. அத்தனை ஆண்டும் தலைநகரிலும் மாகாணங்களிலும் பித்தளைக் காசுகளை வார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். சாதாரண வகைக் காசு இன்றும் ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்குள் கிடைக்கும். புதிதாகச் சேர்க்க வருபவருக்கு இது நல்ல சேதி. இருநூறு, முந்நூறு வருடப் பழைய பொருளைப் பயமில்லாமல் புரட்டிப் பார்த்து, தப்பாகப் படித்து, பிறகு திருத்திக்கொள்ளலாம். கைக்காசும் பெரிதாகப் போகாது.

சீன மொழி தெரிய வேண்டுமா? வேண்டாம். எனக்கும் பேச வராது. பத்துப் பதினைந்து வடிவங்களைக் கண் பழக்கிக்கொண்டால் போதும். கூடவே பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் வெர்னியர், ஒரு காந்தம், பக்கவாட்டில் சாய்க்கக்கூடிய மேசை விளக்கு. இவ்வளவுதான் கருவிகள்.

முதல் படி: இது சிங் காசுதானா?

வட்டக் காசு, நடுவில் சதுர ஓட்டை, சுற்றி நான்கு எழுத்து. சீனாவில் இந்த வட்டமும் சதுர ஓட்டையும் இரண்டாயிரம் வருடம் மாறவே இல்லை. ஜப்பான், கொரியா, வியட்நாம் நாடுகளும் இதே மாதிரிதான் வார்த்தன. அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டு முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஓட்டைக்கு இடமும் வலமும் மேலிருந்து கீழாக ஓடும், தண்டில் வளையங்களும் பற்களும் கோத்தது போன்ற எழுத்து இருந்தால் அது மஞ்சு எழுத்து. சிங் அரசர்கள் மஞ்சு இனத்தவர், அது அவர்கள் மொழி. அது இருந்தாலே அநேகமாகச் சிங் காசுதான். முதல் அரசர் ஷுன்ஜியின் ஆரம்பக் காசுகளில் மட்டும் பின்பக்கம் வெறுமையாகவோ சீன எழுத்தோடு மட்டுமோ இருக்கும்.

பின்பக்கம் மொட்டையாக, காசும் மெல்லியதாக, லேசாக இருந்தால் வியட்நாமாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கம் அலை அலையாகக் கோடுகள் ஓடினால் ஜப்பானின் நான்கு மோன் காசு (மோன் அங்கே பண அலகு). பின்பக்கம் சீன எழுத்துகள் மட்டுமே இருந்தால் கொரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். டிராகன், எட்டு முக்கோடு (மூன்று மூன்று கோடாக அடுக்கிய எட்டுச் சின்னங்கள்), ராசி மிருகங்கள் இருந்தால் அது பணமே இல்லை. கழுத்திலோ வீட்டு வாசலிலோ தொங்கவிட்ட தாயத்துக் காசு. அதைச் சேர்ப்பது தனி உலகம்.

(இடையில் ஒன்று. இந்தக் காசுக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று பெயர். பெட்டிப் பணத்தைக் குறிக்கும் கேஷ் வேறு சொல். இந்த ஓட்டைக் காசின் பெயர் நம்முடைய 'காசு' போர்த்துகீசியர் வாயில் நுழைந்து திரிந்தது. தஞ்சைப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சீனக் காசுப் புதையல்கள் பெரும்பாலும் சோங் காலத்தவை, சிங்குக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இரண்டாம் படி: காசை நேராகப் பிடிப்பது

சிரிக்காதீர்கள், பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. முன்பக்கத்தைப் படிக்கும் வரிசை மேல், கீழ், வலம், இடம். மேலும் கீழும் உள்ள இரண்டு எழுத்து அரசரின் ஆட்சிப் பெயர். வலமும் இடமும் உள்ளவை 'தோங்பாவ்', அதாவது புழங்கும் செல்வம். இந்த இரண்டும் எல்லா ஒற்றை மதிப்புக் காசிலும் மாறாமல் வரும் என்பதால் இவற்றை வைத்தே காசை நேராக்கலாம்.

'பாவ்' நெருக்கமான எழுத்து. உச்சியில் வீட்டுக் கூரை, அடியில் இரண்டு கால் வைத்த பெட்டி. 'தோங்' எழுத்தின் அடியில் ஒரு நீளக் கோடு படகு மாதிரி வளைந்து ஓடும். கூரை போட்டது ஓட்டைக்கு இடப்பக்கம், படகு வலப்பக்கம் வருமாறு பிடியுங்கள். கூரை மேலே இருக்க வேண்டும். காசு நேராகிவிட்டது.

மூன்றாம் படி: எந்த அரசர்?

சிங் அரசர்கள் இந்த ஓட்டைக் காசில் தலையைப் பொறிக்கவில்லை, ஆண்டும் பொதுவாகப் போடவில்லை. ஆட்சிப் பெயர் மட்டும்தான். சிங்கில் ஓர் அரசருக்கு ஒரே ஆட்சிப் பெயர் என்பதால் வேலை சுலபம்.

- ஷுன்ஜி, 1644–1661
- காங்ஷி, 1662–1722
- யோங்ஜெங், 1723–1735
- சியென்லோங், 1736–1795
- ஜியாச்சிங், 1796–1820
- தாவோகுவாங், 1821–1850
- ஷியென்ஃபெங், 1851–1861
- தோங்ஜி, 1862–1874
- குவாங்ஷு, 1875–1908
- ஷுவான்தோங், 1909–1911

1861இல் 'சீஷியாங்' என்று ஒரு பெயர் சில மாதங்கள் மட்டும் இருந்தது. அதன் காசு உங்களிடம் வந்து சேராது. யாராவது விற்க வந்தால் போலி என்று வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

இருபது எழுத்தையும் உருப்போட வேண்டாம். சில எழுத்துகள் இரண்டு அரசர்களுக்குப் பொது. அதைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

'குவாங்' என்ற எழுத்து: மேலே தீச்சுடர் போல மூன்று கோடு, நடுவில் ஒரு படுக்கைக் கோடு, கீழே அகட்டி வைத்த இரண்டு கால். ஓடுகிற ஆள் தலையில் தீப்பந்தம் வைத்தது போல இருக்கும். இது ஓட்டைக்கு மேலே இருந்தால் குவாங்ஷு. கீழே இருந்தால் தாவோகுவாங். நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில் மூன்று தாவோகுவாங் காசுகளைக் குவாங்ஷு என்று எழுதி உறையில் போட்டு, பல மாதம் அப்படியே வைத்திருந்தேன். தீப்பந்தத்தைப் பார்த்ததும் மகிழ்ச்சியில் காசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். தாவோகுவாங்கை உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு. அதன் மேல் எழுத்தான 'தாவோ'வின் அடியிலும் அதே படகுக் கோடு வரும். ஒரே காசில் மேலே ஒன்று, வலத்தில் ஒன்று என்று இரண்டு படகு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

'ஜி' என்ற எழுத்து: இடப்பக்கம் மூன்று துளி, வலப்பக்கம் சின்ன முக்கோணம் மாதிரி ஒன்று, அதன் கீழே ஒரு கட்டம். இது கீழே வந்தால் ஷுன்ஜி அல்லது தோங்ஜி. மேல் எழுத்தைப் பாருங்கள். நம் 'ப'வைக் கவிழ்த்து வைத்து, உள்ளே ஒரு கோடும் குட்டிக் கட்டமும் போட்டால் தோங்ஜி. இடப்பக்கம் மூன்று நெட்டுக்கோடு நின்றால் ஷுன்ஜி.

நால்வர் முடிந்தார்கள். மற்றவர்களை ஒவ்வோர் அடையாளத்தில் பிடிக்கலாம். காங்ஷியின் கீழ் எழுத்து வரிசையாக நான்கு புள்ளியில் முடியும். யோங்ஜெங்கின் கீழ் எழுத்து ஐந்தே நேர்கோடு. சீனக் கடைக்காரர்கள் ஐந்தைந்தாக எண்ணிக் குறிக்கப் பயன்படுத்துவதும் இதே எழுத்துதான். ஷுவான்தோங்கின் மேல் எழுத்துக்குக் கூரை உண்டு. ஷியென்ஃபெங்கின் மேல் எழுத்தில் வலப்பக்கம் ஈட்டி மாதிரி சாய்ந்த கோடு, உள்ளே குட்டிக் கட்டம். கீழ் எழுத்து பாத்திரத்தில் குவித்து வைத்த தானியம் போல இருக்கும். ஜியாச்சிங்கின் மேல் எழுத்து அடுக்கி வைத்த சாமான் மாதிரி உயர்ந்து நிற்கும். மீதி சியென்லோங். உங்களுக்கு அதிகம் கிடைக்கப்போவதும் அவர் காசுதான். அதன் மேல் எழுத்தின் வலப்பாதி, நீந்தும் வாத்து மாதிரி வளைந்து முடியும். நான்கைந்து பார்த்தபின் அடையாளமே தேவைப்படாது.

நான்காம் படி: எந்த அக்கசாலை (காசு வார்த்த பட்டறை)?

சேகரிப்பின் ருசி பின்பக்கத்தில் இருக்கிறது. யோங்ஜெங் காலத்திலிருந்து ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. இடப்பக்கம் 'போ' ('பாவ்' என்ற சொல்லின் மஞ்சு வடிவம்), வலப்பக்கம் அக்கசாலையின் பெயர். இடப்பக்கம் எப்போதும் ஒன்றே, மாறுவது வலப்பக்கம். ஒரு கைப்பிடிக் காசை எடுத்து, வலப்பக்க எழுத்து ஒத்துப்போவதை மட்டும் குவியல் குவியலாகப் பிரியுங்கள். பெயர் அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

இரண்டு குவியல் மட்டும் பெரிதாக வளரும். அவை பெய்ஜிங்கின் இரண்டு அக்கசாலைகள். வருவாய் வாரியத்தின் கீழ் இருந்தது 'போ-சியோவான்', பணிகள் வாரியத்தின் கீழ் இருந்தது 'போ-யுவான்'. யுவானில் தண்டுக்கு வலப்பக்கம் ஒரு புள்ளி உண்டு, சியோவானில் இல்லை. தேய்ந்த காசில் அந்தப் புள்ளி மங்கிப்போகும் என்பதால் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். சிச்சுவான் மாகாணத்தின் 'சுவான்' என்ற எழுத்து சியோவானைப் போலவே தொடங்கும், ஆனால் புள்ளி உண்டு. பல விற்பனையாளர்களே இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். சுஜோவின் 'சு' மிகக் குட்டி எழுத்து, பார்த்ததும் தெரியும். யுன்னான் காசுகளும் நிறைய வரும். நாட்டின் செம்புச் சுரங்கங்கள் அங்கேதான் இருந்தன. பெய்ஜிங்குக்கே செம்பு அங்கிருந்துதான் மலையும் ஆறும் கடந்து போனது.

மஞ்சுப் பெயர்களைப் படிக்கக் கற்றுத்தர ஒரு வாத்தியார் இருக்கிறார்: காங்ஷியின் மாகாணக் காசு. அதில் இடப்பக்கம் அக்கசாலைப் பெயர் மஞ்சுவில், வலப்பக்கம் அதே பெயர் சீனத்தில். ஒரே பெயர், இரண்டு எழுத்து. அப்படி இருபது மாகாண அக்கசாலைகள். மக்கள் அந்த இருபது பெயரையும் ஐந்தைந்து அசையாகக் கோத்து நாலடிப் பாட்டே ஆக்கிவிட்டார்கள். 'தோங் ஃபூ லின் தோங் ஜியாங்' என்று தொடங்கும். பாட்டின் வரிசைப்படி இருபது காசையும் கோத்து அதிர்ஷ்டத்துக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் முதல் இலக்கு இந்தத் தொகுப்புதான். பதினைந்து வரை சுலபமாகச் சேரும். தைவானைக் குறிக்கும் 'தை', ஜாங்ஜோவைக் குறிக்கும் 'ஜாங்' இரண்டும் கையைக் கடிக்கும். கடிக்கிற இடத்தில்தான் போலியும் வரும்.

காங்ஷியில் 'லுவோஹான் காசு' என்று ஒன்றைத் தனியாக விற்பார்கள். கீழ் எழுத்தின் இடப்பக்க நெட்டுக்கோடு ஒன்று விடுபட்டிருக்கும். லுவோஹான் எனப்படும் பௌத்த ஞானிகளின் பொன் சிலைகளை உருக்கி இதை வார்த்தார்கள் என்று கதை. கதை அழகு, அதற்காக விலையைப் பத்து மடங்கு கொடுக்க வேண்டாம்.

காசு மஞ்சளாக இல்லாமல் செக்கச் செவேல் என்று இருந்து, பின்பக்கம் ஒரு புறம் மஞ்சுவும் மறுபுறம் அரபு வடிவ எழுத்தும் இருந்தால் அது ஷின்ஜியாங்கின் செம்புக் காசு. சியென்லோங்கின் படை 1759இல் அந்தப் பகுதியைப் பிடித்தது. அடுத்த ஆண்டே அங்குள்ள யார்க்கண்ட் நகரில் வார்க்கத் தொடங்கினார்கள். மறுபுறம் இருப்பது உய்குர் மொழி. ஒரு வேடிக்கை: சியென்லோங் போன பின்னும் அங்கே அவர் பெயரில் வார்ப்பது தொடர்ந்தது. ஆகவே சியென்லோங் பெயர் போட்ட செம்புக் காசு குவாங்ஷு காலத்ததாகக்கூட இருக்கலாம்.

ஐந்தாம் படி: அசலா, போலியா?

அதற்கு முதலில் காசு எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும். கையால் செதுக்கிய மூலக்காசு ஒன்று. அதிலிருந்து வார்த்த தாய்க்காசுகள். தாய்க்காசுகளை மண் அச்சில் அழுத்தி, இடையே வாய்க்கால் கீறி, உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். ஆறிய பின் எடுத்தால் மரத்தில் இலை ஒட்டியது போலக் காசுகள் நிற்கும். ஒடித்தெடுத்து, சதுரக் கம்பியில் வரிசையாகக் கோத்து, விளிம்பை அரத்தால் ராவுவார்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் ராவும்போது காசு சுழன்றுவிடும், சதுரமானால் அசையாது. வானம் வட்டம், பூமி சதுரம் என்ற தத்துவ விளக்கமும் உண்டு. எனக்குப் பட்டறை விளக்கம்தான் பிடிக்கும்.

என் மேசைமேல் இப்போது ஒரு சியென்லோங் காசு இருக்கிறது. 25 மி.மீ., 4.1 கிராம், போ-யுவான். லென்ஸில் விளிம்பைப் பார்த்தால் மெல்லிய ராவுக் கோடுகள் ஒரே திசையில் போகின்றன. ஓட்டையின் ஒரு மூலையில் வார்ப்பின் பிசிறு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எழுத்துக்கு இடையே உள்ள தளம் மண் அச்சின் சன்னமான சொரசொரப்போடு இருக்கிறது. எழுத்தின் உச்சி மட்டும் பல கைகள் பட்டு வழவழவென்று ஆகிவிட்டது. மேட்டில் தேய்மானம், பள்ளத்தில் அழுக்கு. இந்த ஒழுங்கைத்தான் போலியால் சரியாகக் காட்ட முடிவதில்லை.

போலியில் எழுத்து சோப்புக் கட்டியில் அழுத்தியது போல மழுங்கி இருக்கும். தளத்தில் குமிழிக் குழிகள் தெரியும். பச்சைக் களிம்பு பெயின்ட் அடித்தது போல மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஷியென்ஃபெங் பெயரில் நூறு மதிப்புக் காசு ஒன்றை இப்படித்தான் ஒருமுறை வாங்கி மாட்டிக்கொண்டேன். அசிட்டோனில் ஒரு ராத்திரி போட்டு வைத்தேன். காலையில் திரவம் பச்சை, காசு புத்தம்புதுப் பித்தளை. உண்மையான களிம்பு அசிட்டோனுக்குக் கரையாது. (ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாகச் செய்யுங்கள்.)

எடையும் உதவும். யோங்ஜெங், சியென்லோங் காசுகள் நான்கு கிராமை ஒட்டி இருக்கும். தாவோகுவாங்குக்குப் பின் இளைத்துக்கொண்டே போகும், குவாங்ஷுவில் இரண்டு கிராமை ஒட்டிக்கூட வரும். காந்தம் ஒட்டினால் பித்தளை இல்லை என்று அர்த்தம். ஆனால் ஷியென்ஃபெங் காலத்தில் நிஜமாகவே இரும்புக் காசும் வார்த்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஷுன்ஜி முதல் ஜியாச்சிங் வரை ஐந்து பேர் காசையும் சிவப்புக் கயிற்றில் கட்டி 'ஐந்து பேரரசர் காசு' என்று வாஸ்துச் சாமான் கடைகளில் தொங்கவிட்டிருப்பார்கள். அநேகமாக எல்லாமே புதுசு. ஐந்தும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருப்பதே சாட்சி.

பெரிய காசுகள்: ஷியென்ஃபெங்கின் தலைவலி

1853இல் தைப்பிங் கிளர்ச்சிக்காரர்கள் நான்ஜிங்கைப் பிடித்தார்கள். யுன்னான் செம்பு வரும் வழி அடைபட்டது. போருக்கோ பணம் வேண்டும். அரசு கண்டுபிடித்த வழி, கொஞ்சம் உலோகத்தில் பெரிய எண்ணைப் பொறிப்பது. பத்து, ஐம்பது, நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று மதிப்பு ஏறியது. 'தோங்பாவ்' இருந்த இடத்தில் பொதுவாக ஐம்பது வரை 'ஜோங்பாவ்', நூறும் அதற்கு மேலும் 'யுவான்பாவ்' என்று மாறியது. பின்பக்கம் ஓட்டைக்கு மேலே 'மதிப்பு' என்ற எழுத்து, கீழே எண். பத்து என்பது நம் கூட்டல் குறியேதான். மக்கள் ஏமாறவில்லை. பெரிய எண்கள் சீக்கிரமே செல்லாக்காசாகின, உருக்கப்பட்டன.

இவை அழகானவை, வகைகளும் ஏராளம். அதனாலேயே போலிகள் குவிந்து கிடக்கின்றன. பத்து மதிப்புக் காசை மட்டும், நம்பகமான இடத்தில், இரண்டு வருடம் பழகிய பிறகு வாங்குங்கள். நூறுக்கு மேல் நான் இப்போதும் தொடுவதில்லை.

கடைசிக் கட்டம்: இயந்திரம் வந்தது

மண் அச்சில் வார்த்த வரலாறு குவாங்ஷு காலத்தில் முடிவை நெருங்குகிறது. குவாங்ஜோவில் பர்மிங்காமிலிருந்து வந்த இயந்திரங்களோடு 1889இல் புதிய அக்கசாலை திறந்தது. அங்கே அடித்த குவாங்ஷு தோங்பாவ் காசைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும். விளிம்பு கச்சிதம், எழுத்து கூர்மை, ராவுக் கோடு கிடையாது. இதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். விலையும் மலிவு. 1900இல் அந்த ஊர் இருக்கும் குவாங்தோங் மாகாணம் ஓட்டையே இல்லாத, டிராகன் போட்ட பத்துக் காசுச் செம்பு நாணயத்தை வெளியிட்டது. மற்ற மாகாணங்களும் பின்தொடர, பழைய காசு மெல்ல மறைந்தது.

டிராகன் வெள்ளி நாணயங்களைப் பற்றி ஒரே வரி: புதியவர் வாங்கவே வேண்டாம், சந்தையில் போலி அவ்வளவு.

வாங்குவது, கழுவுவது, வைப்பது

தனித்தனியாக வாங்குவதைவிட, பிரிக்காத கலப்புக் குவியலாக ஐம்பது நூறு காசு வாங்குவது கற்பதற்கு நல்லது. குவியலில் தேய்ந்தது, உடைந்தது, வியட்நாம் எல்லாம் வரும். அதுதான் பாடம். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு நண்பரோடு தபாலில் மாற்றிக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள்.

குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கும் கை நமக்கு உண்டு. காசுக்கு அது எமன். எலுமிச்சை, வினிகர், பிரஷ் எதுவும் ஆகாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறப்போட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். கெட்டியான, வழவழப்பான பச்சை களிம்பு நல்லது, விட்டுவிடலாம். வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது உலோக நோய். உப்பில் உள்ள குளோரைடும் ஈரமும் சேர்ந்து வருவது, காசை உள்ளிருந்து தின்னும். உடனே தனியே எடுத்து, உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடையுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இது சகஜம். பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும். மைலார் உறையோ அமிலமற்ற காகித உறையோ வாங்குங்கள்.

ஒவ்வொரு உறையிலும் ஆட்சி, அக்கசாலை, விட்டம், எடை, எங்கே எப்போது வாங்கியது என்று பென்சிலில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் 'ஹார்ட்டில் எண்' என்று ஒன்று வரும். டேவிட் ஹார்ட்டில் 2005இல் வெளியிட்ட வார்ப்புக் காசுப் பட்டியலின் எண் அது. கிடைத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்கசாலை தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு வையுங்கள். என் பெட்டியில் கேள்விக்குறி போட்ட உறை இன்னும் பதினொன்று இருக்கிறது.